"மாறாதவர்" என்ற வசனம் எனக்கு ஏன் எரிச்சல் தருகிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. பெரம்பூரில் கணவர் வீட்டாரோடு கூட்டுக் குடும்பமாக இருந்தோம். ஜனவரி 1 ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது எனக்கு வந்த வசனம், "நான் கர்த்தர், நான் மாறாதவர்." சந்தோஷமாக வேதாகமத்துக்குள் வைத்தேன். ஜூன் மாதம் என் கணவருக்கு மாரடைப்பு. ஐ.சி.யூ.வுக்குள் போனவர் திரும்பி வரவில்லை. இப்போது நானும் பிளஸ் டூ படிக்கும் மகனும் ஆவடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். துக்கம் விசாரிக்க வருகிற எல்லாரும் "மனுஷன் மாறுவான், தேவன் மாறாதவர், கவலைப்படாதே" என்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. முன்பு மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியபோது அழுது ஜெபித்தேன், கேட்டார். இந்த முறையும் அப்படியேதான் அழுதேன், கேட்கவில்லை. அப்படியானால் மாறிவிட்டாரா? மாறவில்லை என்றால் அவர் தீர்மானமும் மாறாதே, பிறகு எதற்கு ஜெபம்? இங்கே போகிற சபையில் பாட்டெல்லாம் புதிது, பின்வரிசையில் சும்மா நிற்கிறேன். மகன் கோயிலுக்கு வருவதே இல்லை. ராத்திரியில் தூக்கம் இல்லை. கணவரின் பி.எஃப். காகிதங்கள் அவர் அண்ணனிடம் இருக்கின்றன. கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், அவசரப்படாதே" என்கிறார். இந்த வசனத்தில் ஆறுதல் எங்கே இருக்கிறது?
— ஒரு சகோதரி, ஆவடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எரிச்சல் வந்தால் வரட்டும். அதற்காக மன்னிப்புக் கேட்கிற தொனி உங்கள் கடிதத்தில் அங்கங்கே தெரிகிறது, அது தேவையில்லை. நல்ல வசனத்தைத் தப்பான நேரத்தில் தப்பான வாயிலிருந்து கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். சபை ஊழியத்திலும் ஆற்றுப்படுத்துதலிலும் இத்தனை வருஷம் இருந்ததில் நான் பார்த்தது இது: துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மௌனம் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் கைக்கு எட்டுகிற வசனத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நாம் வசனத்தைப் பார்ப்போம்.

முதலில் 102-ஆம் சங்கீதத்தைத் திறந்து கொள்ளுங்கள். ஒரே மூச்சில், சத்தமாகப் படியுங்கள். தூக்கம் வராத ராத்திரி என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதைப் பாடியவனுக்கும் தூக்கம் இல்லை. "நான் தூக்கமில்லாமல் வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன்" என்கிறான். சாப்பாடு இறங்கவில்லை, "என் போஜனத்தைப் புசிக்க மறந்தேன்" என்கிறான். நாட்கள் புகை மாதிரிப் போய்விட்டன, குடிக்கிற தண்ணீரில் கண்ணீர் கலக்கிறது. அதோடு விடவில்லை. நீர்தான் என்னைத் தூக்கினீர், நீர்தான் கீழே தள்ளினீர் என்று கர்த்தரையே நேராகக் குற்றம் சாட்டுகிறான். அப்புறம் பின்பகுதியில் ஒரு வேண்டுதல் வருகிறது: "என் தேவனே, பாதிவயதில் என்னை எடுத்துக்கொள்ளாதேயும்."

பாதி வயது. உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே?

இந்த வேண்டுதலை ஒட்டித்தான் "நீரோ மாறாதவராயிருக்கிறீர், உமது ஆண்டுகள் முடிந்துபோவதில்லை" என்ற வரி வருகிறது. வானமும் பூமியும் பழைய துணி மாதிரி நைந்துபோகும், சால்வையை மாற்றுகிற மாதிரி அவற்றை நீர் மாற்றிவிடுவீர், நீரோ அப்படியே இருப்பீர் என்கிறான். இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்த ஒருவர், அழுகிறவளிடம் சொல்லவில்லை. அழுகிறவனே, அழுகையின் நடுவில், கர்த்தரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். புலம்பல் எல்லாம் முதலில் வெளியே வந்தாயிற்று. உங்களைச் சுற்றியிருக்கிறவர்கள் அந்தப் புலம்பலை எடுத்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் உங்கள் கையில் தருகிறார்கள். அதனால்தான் அது உறுத்துகிறது. முதல் பதினோரு வசனத்தைச் சொல்ல உங்களை யாரும் விடவில்லை என்று நினைக்கிறேன். அதை முதலில் சொல்லுங்கள். மாறாதவரிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு: நேற்று சொன்னதையே இன்றும் சொன்னால் அவருக்கு அலுத்துப்போகாது. சொந்தக்காரர்களுக்கு மூன்றாம் மாதத்தில் அலுத்துவிடும், அது மனித சுபாவம்.

தூக்கத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரை போட்டுத் தூங்கினால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துக்கிடந்தவனுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான், அதற்கும் விட்டான்.

இப்போது அந்த அட்டை. தங்க நிற ஓரம், பூப்படம், பின்பக்கம் சபையின் பெயரும் ஆராதனை நேரமும் போட்டிருக்கும், எல்லா சபையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இந்த அட்டைப் பழக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். வருஷத்தின் முதல் நாளில் ஒரு வசனத்தோடு வீட்டுக்குப் போவது நல்ல வழக்கம்தான். ஆனால் அட்டை சின்னது, அதில் பாதி வசனம்தான் கொள்ளும். அந்தப் பாதியை நாம் வருஷ பலன் மாதிரிப் படிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

உங்கள் அட்டையில் வந்தது மல்கியா 3:6. முழு வசனம் இது: "நான் கர்த்தர் நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை." இதைக் கேட்ட ஜனங்கள் யார் என்று யோசியுங்கள். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள். ராஜா இல்லை, சொந்த ராஜ்யம் இல்லை, பெர்சியாவுக்குக் கீழே ஒரு சின்ன நாடு. இடிந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டியிருந்தார்கள், ஆனால் பழைய மகிமை திரும்பவில்லை. முன்பு இருந்தது எதுவும் முன்பு போல இல்லை. அவர்களிடம் கர்த்தர், உங்கள் நிலைமை மாறாது என்று சொல்லவே இல்லை. மாறித்தான் போயிருந்தது. இத்தனைக்குப் பிறகும் நீங்கள் அழிந்துபோகாமல் மிச்சம் இருக்கிறீர்கள், அது நான் மாறாததால்தான் என்கிறார்.

ஆகவே அந்த அட்டை ஜனவரியில் உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. உங்கள் கணவர் வருஷம் முழுக்க இருப்பார் என்று அது வாக்குக் கொடுக்கவே இல்லை. இதைக் கேட்க வலிக்கும், தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் "வாக்குக் கொடுத்துவிட்டு மீறிவிட்டார்" என்ற நினைப்போடு நீங்கள் அவர்முன் உட்கார்ந்தால் எந்த ஜெபமும் தொண்டையைத் தாண்டாது. அவருடைய வாக்கு இன்னும் கீழே, அடிமட்டத்தில் இருக்கிறது: வீடு மாறும், ஊர் மாறும், பக்கத்தில் படுத்திருந்தவர் இல்லாமல் போவார், அப்போதும் நீங்கள் நிர்மூலமாக விடமாட்டேன் என்பது.

அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் பார்த்துவிடுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டெங்குவில் கேட்டவர் மாரடைப்பில் ஏன் கேட்கவில்லை? இதற்குக் காரணம் சொல்ல வருகிறவர் யாராக இருந்தாலும், கோட் போட்ட ஊழியக்காரராக இருந்தாலும், கொஞ்சம் தள்ளியே இருங்கள். பாவம் என்பார்கள், சோதனை என்பார்கள், மேலான நோக்கம் என்பார்கள். வேதம் அந்த இடத்தில் பல சமயம் காரணம் சொல்வதில்லை.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஏரோது ராஜா சபையைத் துன்பப்படுத்தத் தொடங்குகிறான். இயேசுவின் சீடரும் யோவானின் அண்ணனுமான யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். ஒரே ஒரு வசனம், முடிந்தது. அடுத்து பேதுருவைப் பிடித்துக் காவலில் வைக்கிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு வந்து வாசலைத் தட்டுகிறார், ரோதை என்கிற வேலைக்காரப் பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். அழகான கதை, ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ராத்திரி யாக்கோபின் வீட்டாருக்கு எப்படி இருந்திருக்கும்? பேதுரு தப்பித்த செய்தி காலையில் அவர்களுக்கும்தானே வந்திருக்கும்? ஒரே சபை, ஒரே ராஜா, கொஞ்ச நாள் இடைவெளி. ஒருவருக்குக் கதவு திறந்தது, ஒருவருக்குத் திறக்கவில்லை. இதை எழுதிய லூக்கா ஏன் என்று விளக்கவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை, கர்த்தர் இடையில் மாறிவிட்டார் என்றும் எழுதவில்லை. இரண்டையும் ஒரே அதிகாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். அந்த நேர்மை எனக்குப் பல பிரசங்கங்களைவிடப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் அவர் எதில் மாறாதவர்? எழும்பூர் ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தில் வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கிற கிர்க் ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821-இல் கட்டி முடித்தது. அந்த ஸ்காட்லாந்து சபை தன் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்த வினாவிடை 1647-இல் எழுதப்பட்டது. அதன் நான்காவது கேள்வி, தேவன் யார்? அதன் பதிலில், அவர் இருப்பிலும் ஞானத்திலும் வல்லமையிலும் பரிசுத்தத்திலும் நீதியிலும் நன்மையிலும் சத்தியத்திலும் மாறாதவர் என்று வரும். எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். எல்லாரையும் ஒரே மாதிரிக் குணமாக்குவதில் மாறாதவர் என்று அதில் இல்லை. உங்கள் மகனுக்குக் கட்டிலில் எழுந்து உட்காரத் தெம்பு கொடுத்தபோது அவரிடம் இருந்த நன்மை, ஜூன் மாதம் குறைந்துபோகவில்லை. விளைவு வேறாக இருந்தது. ஐ.சி.யூ. வாசலில் இதை நம்புவது கஷ்டம், அங்கே யாரும் இதை உங்களிடம் சொல்லியிருக்கவும் கூடாது. இப்போது நீங்களே கேட்பதால் சொல்கிறேன்.

அடுத்து, மாறாதவரிடம் ஜெபித்து என்ன பயன் என்கிறீர்கள். இது நல்ல கேள்வி. பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியும்கூட. கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், தான் அசையாமல் மற்ற எல்லாவற்றையும் அசைக்கிற ஒன்றைப் பற்றி எழுதினார். அதற்கு நம்மேல் பாசமும் கிடையாது, நம் அழுகை அதை எட்டவும் எட்டாது. பிற்காலத்துக் கிறிஸ்தவ அறிஞர்கள் அந்தச் சிந்தனையிலிருந்து நிறையக் கடன் வாங்கினார்கள், அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டம் என்னவென்றால் நம் ஜனங்கள் மனதில் மாறாதவர் என்றால் கல் மாதிரி என்ற ஒரு எண்ணம் குடியேறிவிட்டது.

யோனாவின் புத்தகம் அந்த எண்ணத்தை உடைத்துவிடும். இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா கூவுகிறான். ஊர் முழுக்க இரட்டு உடுத்திக்கொண்டு மனந்திரும்புகிறது. கர்த்தர் சொன்ன தீங்கைச் செய்யாமல் விட்டுவிடுகிறார். யோனாவுக்குக் கோபம் வருகிறது. எதற்குக் கோபம்? நீர் மாறிவிட்டீர் என்றா? இல்லை. நீர் இரக்கமும் மனஉருக்கமும் நீடிய சாந்தமும் உள்ள தேவன், நீர் இப்படித்தான் செய்வீர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்கிறான். அவர் மனம் இரங்கியதே அவருடைய மாறாத குணத்தால்தான் என்பது கோபக்காரத் தீர்க்கதரிசிக்குப் புரிந்திருக்கிறது. கேட்கிறவராக, இளகுகிறவராக இருப்பதிலும் அவர் மாறாதவர். நாளைக்குக் காலையில் எழுந்து, இன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை, அப்புறம் வா என்று சொல்ல மாட்டார். ஜெபம் பண்ணுவதற்கு எனக்கு இருக்கிற ஒரே தைரியம் அதுதான்.

இன்னொன்று. "இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்" என்ற எபிரெயர் 13:8 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், பாதி ஆட்டோக்களின் பின்னாலும் அது இருக்கிறது. அதற்கு முந்தின வசனம், உங்களுக்கு வசனத்தைப் போதித்து நடத்தினவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் நடக்கையின் முடிவைச் சிந்தியுங்கள் என்கிறது. அதாவது அந்தச் சபையை நடத்தியவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள் என்றே பலரும் இதைப் படிக்கிறார்கள். நம்பியிருந்த மனிதர்கள் ஒவ்வொருவராகப் போன ஒரு கூட்டத்துக்குத்தான் இது எழுதப்பட்டது. அந்த நேற்றைய இயேசு யார் என்று அதே நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்கிறது: பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்தவர். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று அவர் கேட்டார், அது நீங்கவில்லை. செத்துப்போன லாசருவின் கல்லறை முன்னால், அடுத்து அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். அவர் மாறாதவர் என்றால் அந்த அழுகையும் மாறவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்டது கிடைக்காமல் போன ஜெபம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோயில் விஷயத்துக்கு வருவோம். தெரியாத பாட்டுக்கு வாயசைக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. சும்மா நில்லுங்கள், அல்லது உட்கார்ந்துகொள்ளுங்கள். சபைகள் மாறும். 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் வழியில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். அன்றைக்கும் எத்தனையோ பாட்டிமார், நம்ம பழைய ஜெபமுறை போச்சே என்று முணுமுணுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் துக்கத்தில் இருக்கிறவருக்குப் பழக்கமான இடம் ஒரு மருந்து. ஆவடியில் லோக்கல் ரயில் ஏறினால் அதே லைனில் பெரம்பூர். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனைக்கு, பழைய கோயிலுக்குப் போய்வாருங்கள். கணவரோடு உட்கார்ந்த பெஞ்சில் உட்கார முதல் தடவை முடியாமல் போகலாம். அப்படியானால் வேறு பெஞ்சில் உட்காருங்கள். பாடத் தெரிந்த பாட்டைப் பாடுங்கள், அழுகை வந்தால் அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மகனை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பிளஸ் டூ பையன், அப்பாவை இழந்தவன், தேர்வு வேறு. "அப்பா இருந்தால் எவ்வளவு வருத்தப்படுவார்" என்ற வார்த்தையை மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லிவிடாதீர்கள். அவன் கோயிலுக்கு வராததும் ஒரு ஜெபமாக இருக்கலாம், சத்தம் வராத 102-ஆம் சங்கீதம். நீங்கள் கேட்ட இதே கேள்விகள் அவனுக்கும் இருக்கும். ஆனால் அம்மாவிடம் கேட்டால் அம்மா உடைந்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருப்பான். நீங்கள் முந்திக்கொண்டு, "எனக்கும் கர்த்தர்மேல் கோபம் இருக்குப்பா, இருந்தும் பேசிக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிப் பாருங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

சரி, முந்தின வசனம். மல்கியா 3:5. "நான் மாறாதவர்" என்று சொல்வதற்குச் சற்றுமுன் கர்த்தர் ஒரு பட்டியல் போடுகிறார், யாருக்கு விரோதமாகத் தாம் சாட்சியாக வருவார் என்று. சூனியக்காரர், பொய்யாணை இடுகிறவர், கூலியை அபகரிக்கிறவர், விதவைகளையும் தகப்பனில்லாத பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர், அந்நியனுக்கு அநியாயம் செய்கிறவர். அடுத்த மூச்சில்தான் உங்கள் அட்டையில் வந்த வார்த்தை. யாக்கோபின் நிருபத்திலும் இதேதான். அவரிடத்தில் யாதொரு மாறுதலும் இல்லை என்று முதல் அதிகாரம் 17-ஆம் வசனம் சொல்கிறது. அதே அதிகாரம் 27-இல், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதுதான் சுத்தமான பக்தி என்று முடிகிறது. அவர் எதில் மாறவில்லை என்று வேதத்திடம் கேட்டால், அது உங்கள் வீட்டு வாசலைக் காட்டுகிறது. தேவன் மாறாதவர், ஆகையால் பொறுத்துக்கொள் என்று உங்களிடம் சொல்கிறார்கள். தேவன் மாறாதவர், ஆகையால் விதவையின் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடிக்காதே என்று மல்கியா சொல்கிறார்.

உங்கள் கணவரின் அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தம்பியை இழந்தவர், அந்தக் காகிதங்களைத் தொடவே அவருக்கு மனம் வராமல் இருக்கலாம். ஆனால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற வார்த்தை பி.எஃப். அலுவலகத்தில் செல்லாது. மரியாதையாக, சபையில் மூத்தவர் ஒருவரை அல்லது ஆயரைக் கூட்டிக்கொண்டு போய், "அத்தான், காகிதங்களின் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் கணவரின் நிறுவனத்துக்கே போய் அவருடைய பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அவர் வேலையில் இருந்தபோதே இறந்ததால் பார்க்க வேண்டியவை மூன்று. பி.எஃப். கணக்கில் சேர்ந்த தொகைக்குப் படிவம் 20. மாதாந்திர ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி: இது மனைவி என்ற முறையில் உங்களுக்கு வர வேண்டியது, மகனுக்கும் 25 வயது வரை தனியாக ஒரு தொகை உண்டு. மூன்றாவது, பி.எஃப். கணக்கோடு சேர்ந்த காப்பீடு. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், படிவம் 5ஐ.எஃப். மரணச் சான்றிதழும், தாசில்தார் அலுவலகம் தருகிற வாரிசு சான்றிதழும் கையில் இருக்கட்டும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இது தவிர அவர் பெயரில் தனியாக இருந்த சேமிப்பு, சொத்து ஏதாவது இருந்து, உயில் எழுதாமல் போயிருந்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளை இருக்கும்போது சகோதரர்களுக்கு அதில் பங்கு கிடையாது. சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு பேசினால் குரல் நடுங்காது. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

அண்ணனைப் பார்க்கப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போவதா என்று யோசிப்பீர்கள். தேர்வு முடியட்டும், இப்போது வேண்டாம். 10டி படிவத்தில் நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டியிருக்கும், அதற்குத்தான் நாள் இழுக்கும். அதனால் அந்தப் படிவத்தை முதலில் கொடுத்துவிடுங்கள்.